நட்சத்திரங்களைப் படிக்கும் முறை

டெக்சாஸில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பள்ளிக் கால்பந்து ஆட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். ஊரே திரண்டு வந்திருக்கும். டாலஸுக்கு வடக்கே ஆலன் என்ற ஊரில் பள்ளி மைதானத்துக்கே 18,000 இருக்கைகள். 2012-இல் திறந்த அந்த மைதானத்துக்கு 6 கோடி டாலர் செலவானது. பக்கத்து இருக்கைக்காரர் ஒரு பையனைச் சுட்டிக்காட்டி, "அவன் ஃபோர் ஸ்டார்" என்பார். அடுத்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர் உடனே திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு சொல்லுக்கு அத்தனை எடை.

அந்த எடை எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் அதை நம்பலாம் என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம். நாம் பழகிய, காலால் உதைத்து ஆடும் கால்பந்து இது இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து.

நட்சத்திரம் எதை அளக்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவோம். நட்சத்திரம் என்பது பையன் பள்ளியில் இன்று எப்படி ஆடுகிறான் என்பதற்கான மதிப்பெண் இல்லை. மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து அவன் எப்படிப்பட்ட ஆட்டக்காரனாக வளர்ந்திருப்பான் என்ற கணிப்பு. பள்ளி அணிக்காக மலைமலையாகப் புள்ளிகள் குவித்தவனுக்கு இரண்டு நட்சத்திரம் கிடைக்கலாம். பாதி ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்திருந்த உயரமான பையனுக்கு நான்கு கிடைக்கலாம். முதலாமவன் வளர்ந்து முடித்துவிட்டான், இரண்டாமவனுக்கு இன்னும் வளர்ச்சி இருக்கிறது என்று மதிப்பிடுபவர் நினைக்கிறார்.

இந்தக் கணிப்புக்கு ஓர் அளவுகோலும் உண்டு. என்எஃப்எல் தொழில்முறை லீகில் 32 அணிகள். கல்லூரி ஆட்டக்காரர்களை அவை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். முதல் சுற்றில் அணிக்கு ஒருவர் வீதம் 32 பேர். இதை வைத்துத்தான் 247ஸ்போர்ட்ஸ் நிறுவனம் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 32 பேருக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம் தருகிறது. அதாவது ஐந்து நட்சத்திரம் என்றால், "இந்தப் பையன் ஒருநாள் டிராஃப்டின் முதல் சுற்றில் போகக் கூடியவன் என்று நினைக்கிறோம்" என்று பொருள்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் எல்லா வகுப்புகளையும் சேர்த்து ஏறத்தாழ 10 லட்சம் பேர் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். அதில் ஓர் ஆண்டின் ஐந்து நட்சத்திரக்காரர்கள் முப்பது சொச்சம் பேர். நான்கு நட்சத்திரம் சில நூறு பேருக்கு. மூன்று நட்சத்திரம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு. எனவே மூன்று நட்சத்திரத்தை "சுமார்" என்று எடுத்துக்கொள்வது பெரிய பிழை. அந்த இடத்துக்கு வருவதற்கே ஒரு பையன் தன் வட்டாரத்தில் தனித்துத் தெரிந்திருக்க வேண்டும்.

யார் தருகிறார்கள்?

அரசோ, பல்கலைக்கழகமோ, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்போ இவற்றைத் தருவதில்லை. தனியார் ஊடக நிறுவனங்கள் தருகின்றன. 1970-களின் கடைசியிலிருந்தே சிகாகோவின் டாம் லெம்மிங் போன்றவர்கள் ஊர் ஊராகக் காரில் போய்ப் பையன்களைப் பார்த்து, பட்டியலிட்டு, அச்சிட்டு விற்றார்கள். இணையம் வந்ததும் அது பெருந்தொழிலானது. 1998-இல் ரைவல்ஸ் தொடங்கியது. ரைவல்ஸை வளர்த்த ஷானன் டெர்ரி 2010-இல் 247ஸ்போர்ட்ஸையும், 2021-இல் ஆன்3 நிறுவனத்தையும் தொடங்கினார். 2025-இல் ஆன்3, ரைவல்ஸையே வாங்கிக்கொண்டது. தொலைக்காட்சி நிறுவனமான இஎஸ்பிஎன் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது.

இவர்களின் வருமானம் சந்தா கட்டும் ரசிகர்களிடமிருந்தும் விளம்பரங்களிலிருந்தும் வருகிறது. நட்சத்திரத்தின் முதல் வாசகர் ரசிகர்தான். கல்லூரிப் பயிற்சியாளர்கள் தங்களுக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஒரு பையனுக்கு ஸ்காலர்ஷிப் தரலாமா என்று முடிவெடுக்கும் அறையில் பேசுவது அந்தப் பட்டியல்.

நட்சத்திரத்துக்குப் பின்னால் ஓர் எண்

ஒவ்வொரு நிறுவனமும் முதலில் ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண்தான் நட்சத்திரமாக மாறுகிறது. ஆனால் எல்லாருடைய அளவும் ஒன்றல்ல.

• 247ஸ்போர்ட்ஸ்: 98 முதல் 100 வரை ஐந்து நட்சத்திரம். 90 முதல் 97 வரை நான்கு. 80 முதல் 89 வரை மூன்று. அதற்குக் கீழே இரண்டு.

• இஎஸ்பிஎன்: 90-உம் அதற்கு மேலும் ஐந்து. எண்பதுகளில் நான்கு. எழுபதுகளில் மூன்று.

• ரைவல்ஸ் பல ஆண்டுகள் வைத்திருந்த பழைய அளவு: 6.1 என்றால் ஐந்து. 5.8 முதல் 6.0 வரை நான்கு. 5.5 முதல் 5.7 வரை மூன்று. பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிய பக்கங்களில் இன்றும் இந்த எண்கள் கண்ணில் படும்.

• 247ஸ்போர்ட்ஸ் காம்பசிட்: பல நிறுவனங்களின் மதிப்பீடுகளைச் சேர்த்துக் கணக்கிடும் கூட்டு எண். 1.0000 முழு மதிப்பெண். சுமார் 0.98-க்கு மேல் ஐந்து நட்சத்திரம், 0.89-க்கு மேல் நான்கு.

இங்கே நடைமுறைக்கு உதவும் பாடம் இரண்டு. முதலாவது, 247ஸ்போர்ட்ஸில் ஒருவருக்கு 89, அவருடைய நண்பருக்கு 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மூன்று நட்சத்திரம், மற்றவர் நான்கு. ஆனால் இருவருக்கும் இடையே இருப்பது ஒரே புள்ளி. அந்த 89-க்கும் அதே மூன்று நட்சத்திரத்தில் இருக்கும் 80-க்கும் இடையே ஒன்பது புள்ளி. ஆகவே நட்சத்திரத்தைப் பார்த்தவுடன் நின்றுவிடாமல் எண்ணைத் தேடுங்கள்.

இரண்டாவது, 92 என்றொரு எண்ணைக் கேட்டால் யாருடைய 92 என்று கேளுங்கள். இஎஸ்பிஎன்னில் அது ஐந்து நட்சத்திரம். 247ஸ்போர்ட்ஸில் நான்கு.

நிறுவனங்களுக்குள் கருத்து வேறுபாடும் சாதாரணம். 2018-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரே ஆண்டில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளில் அபூர்வமான இருவர் வந்தார்கள்: கார்ட்டர்ஸ்வில்லின் ட்ரெவர் லாரன்ஸ், கென்னசாவின் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். 247ஸ்போர்ட்ஸ் லாரன்ஸை நாட்டின் முதலிடத்தில் வைத்தது. இஎஸ்பிஎன் ஃபீல்ட்ஸை வைத்தது. லாரன்ஸ் கல்லூரியில் நுழைந்த முதல் பருவத்திலேயே கிளெம்சன் பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தார். 2021 டிராஃப்டில் லாரன்ஸ் முதல் ஆளாகப் போக, ஃபீல்ட்ஸும் அதே முதல் சுற்றில் போனார். இரண்டு நிறுவனங்களும் சரியாகவே பார்த்திருந்தன. வரிசை மட்டும் மாறியிருந்தது.

எப்படி முடிவு செய்கிறார்கள்?

தொடக்கம் வீடியோ. பள்ளி ஆட்டங்களின் துண்டுக் காட்சிகளைப் பையன்கள் ஹடில் என்ற தளத்தில் ஏற்றுகிறார்கள். மதிப்பிடுபவர் அதில் பார்ப்பது புள்ளிகளை அல்ல, அசைவை. இடுப்பு எவ்வளவு எளிதாகத் திரும்புகிறது, ஓடும் திசையை மாற்றும்போது எத்தனை அடி வீணாகிறது, பந்து கையை விட்டு எவ்வளவு விரைவாகக் கிளம்புகிறது என்பவற்றை.

அடுத்தது உடல் அளவு. உயரம், எடை, கை நீளம், இரு கை விரித்த அகலம், 40 கெஜ ஓட்டத்தின் நேரம். பள்ளிகள் தரும் உயரத்தில் ஓரிரு அங்குலம் கூடுதலாக இருப்பது வழக்கம் என்பதால், நேரில் அளந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம். தடகளப் போட்டி நேரங்களையும் தேடுவார்கள். 100 மீட்டர் ஓட்டத்தில் மின்னணுக் கடிகாரம் காட்டிய நேரம் யாருக்காகவும் வளையாது. கூடைப்பந்தும் மல்யுத்தமும் ஆடுகிற பையன் என்றால் அவர்களுக்கு இன்னும் பிடிக்கும், உடல் பல வகையில் இயங்குவதற்கு அது சாட்சி.

பிறகு முகாம்கள். குவார்ட்டர்பேக்குகளுக்கு 1999 முதல் நடக்கும் எலீட் 11 முகாம் புகழ்பெற்றது. தன் பள்ளி வட்டாரத்தில் எதிரியே இல்லாமல் ஆடியவன், நாட்டின் மற்ற சிறந்தவர்களுக்கு எதிரே நிற்கும்போது என்ன செய்கிறான் என்பது அங்கே தெரியும். கடைசிக் கட்டம் பன்னிரண்டாம் வகுப்பின் குளிர்காலத்தில் நடக்கும் ஆல்-ஸ்டார் ஆட்டங்கள். சான் அன்டோனியோவின் ஆல்-அமெரிக்கன் பௌல் அவற்றில் ஒன்று. அங்கே ஒரு வாரப் பயிற்சியைப் பார்த்த பிறகே பல நிறுவனங்கள் இறுதிப் பட்டியலை வெளியிடுகின்றன.

ஒன்பதாம் வகுப்பில் தொடங்கி இறுதிப் பட்டியல் வரை ஒரு பையனின் எண் பலமுறை மாறும். அதன்பின் அது உறைந்துவிடும். ஆகவே எந்த நட்சத்திரத்தைக் குறித்தாலும் பக்கத்தில் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் வாங்கிய நான்கும் பன்னிரண்டாம் வகுப்பின் முடிவில் வாங்கிய நான்கும் ஒரே நான்கு அல்ல.

எங்கே பிசகுகிறது?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்போம். இந்தத் தொழில் முழுவதும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. பெரும்பாலும் அது பலிக்கவும் செய்கிறது. பலிக்காத இடங்களுக்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதல் காரணம், தாமதமான வளர்ச்சி. முன்வரிசையில் முட்டி நிற்கும் லைன்மேன்களுக்கு இது மிகவும் பொருந்தும். பதினேழு வயதில் நெடுநெடுவென்று ஒல்லியாக இருப்பவன் இருபத்தொரு வயதில் 300 பவுண்டு எடையோடு நிற்கலாம். மிச்சிகனின் எரிக் ஃபிஷர் இரண்டு நட்சத்திரத்தோடு சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2013 டிராஃப்டில் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே கல்லூரியில் இரண்டு நட்சத்திரத்தோடு தொடங்கிய ஜே.ஜே. வாட், விஸ்கான்சினுக்கு மாறி, ஸ்காலர்ஷிப் இல்லாமல் இடம் கேட்டுச் சேர்ந்து ஆடினார். பின்னாளில் என்எஃப்எல்-இன் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதை மூன்று முறை வென்றார்.

இரண்டாவது, இடம். டெக்சாஸ், ஃபுளோரிடா, கலிஃபோர்னியா, ஜார்ஜியா ஆகிய மாநிலங்களின் பெரிய பள்ளிகளுக்கு எல்லாருடைய கண்ணும் போகும். சின்ன ஊர்களுக்குப் போகாது. ஜாஷ் ஆலன் கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். பள்ளி முடித்தபோது முதல் நிலைக் கல்லூரிகள் ஒன்றிலிருந்தும் அழைப்பு இல்லை. ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடி, அங்கிருந்து பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பி, வயோமிங்கில் இடம் பிடித்தார். 2018 டிராஃப்டில் ஏழாவது ஆளாகப் போனார். 2024 பருவத்தில் என்எஃப்எல்-இன் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு.

மூன்றாவது, பள்ளியின் ஆட்டமுறை. கேம் வார்டு ஆடிய டெக்சாஸ் பள்ளி பந்தை எறிவதைவிட ஏந்தி ஓடுவதையே நம்பிய அணி. எறிவதற்கு வாய்ப்பே குறைவாக இருந்த குவார்ட்டர்பேக்கின் வீடியோவில் மதிப்பிடுபவர் எதைப் பார்ப்பார்? நட்சத்திரம் ஏதுமின்றி இன்கார்னேட் வேர்டு என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அவர், 2025 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார்.

நான்காவது, ஆட்டக்காரன் நிற்கும் இடம். அளவுகோல் டிராஃப்ட் என்பதால், அங்கே விலை போகும் குவார்ட்டர்பேக், டேக்கிள், எட்ஜ், கார்னர்பேக் போன்றவர்களுக்கு நட்சத்திரம் தாராளமாக வரும். பந்தை உதைக்கும் கிக்கருக்கு மூன்றுக்கு மேல் கிடைப்பது அரிது. நாட்டின் முதல் கிக்கராக இருந்தாலும் நிலை அதுதான்.

இவற்றோடு ஒரு சுழலையும் கவனிக்க வேண்டும். அலபாமா பல்கலைக்கழகமோ ஜார்ஜியா பல்கலைக்கழகமோ ஒரு பையனுக்கு இடம் தர முன்வந்தால், மதிப்பிடுபவர்கள் அவன் வீடியோவை மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். பெரிய பயிற்சியாளரின் கண் ஒரு தகவல்தான். அதைக் கணக்கில் எடுப்பது தவறில்லை. ஆனால் அப்படி ஏறிய எண்ணையே காட்டி "அலபாமா சேர்ப்பவர்கள் எல்லாம் உயர்ந்த நட்சத்திரக்காரர்கள்" என்றால், ஒரே சாட்சியை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

கூட்டத்துக்கு ஒரு கணக்கு, ஒருவனுக்கு ஒரு கணக்கு

ஃபிஷர், வாட், ஆலன், வார்டு ஆகியோரின் கதைகளைக் கேட்டதும், நட்சத்திரமே பொய் என்று சொல்லத் தோன்றும். டிராஃப்டின் முதல் சுற்றைப் பார்த்துவிட்டு, "பாருங்கள், மூன்று நட்சத்திரக்காரர்கள்தான் இங்கே அதிகம்" என்று வாதிடுவோரும் உண்டு. அவசரப்பட வேண்டாம். விளக்கத்துக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன்.

ஓர் ஆண்டில் ஐந்து நட்சத்திரக்காரர்கள் 32 பேர், அவர்களில் 8 பேர் முதல் சுற்றில் போனார்கள் என்போம். மூன்று நட்சத்திரக்காரர்கள் 1,200 பேர், அவர்களில் 12 பேர் போனார்கள் என்போம். தலையை எண்ணினால் 12 பெரிது. ஆனால் ஐந்து நட்சத்திரக்காரனுக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. மூன்று நட்சத்திரக்காரனுக்கு நூறில் ஒரு வாய்ப்பு. இருபத்தைந்து மடங்கு வித்தியாசம். அதே எண்களில் இன்னொன்றும் இருக்கிறது. ஐந்து நட்சத்திரக்காரர்களில் 24 பேர் முதல் சுற்றில் போகவில்லை. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ளப் பழகினால் இந்த அத்தியாயத்தின் பாதி கைவந்துவிட்டது.

கூட்டமாகப் பார்க்கும்போது நட்சத்திரத்தின் பலம் தெளிவாகத் தெரியும். அதற்குப் 'புளூ-சிப் ரேஷியோ' என்ற கணக்கைப் பாருங்கள். பட் எலியட் என்ற செய்தியாளர் பரப்பியது. ஓர் அணி கடந்த நான்கு ஆண்டுகளில் பள்ளிகளிலிருந்து சேர்த்தவர்களில் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்கள் பாதிக்கு மேல் இருக்கிறார்களா? இதுதான் கேள்வி. இந்தத் தரவரிசைகள் நிலைபெற்ற காலம் முதல் 2024 பருவம் வரை தேசியப் பட்டம் வென்ற ஒவ்வோர் அணியும் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருந்தது. 2022 பருவத்தில் கோட்டுக்குக் கீழே இருந்த டிசியூ அணி அரையிறுதியில் மிச்சிகனை 51-45 என்று வென்று நாட்டையே வியக்க வைத்தது. இறுதியாட்டத்தில் எதிரே நின்றது ஜார்ஜியா. முடிவு 65-7.

ஓர் ஆட்டத்தில் துணிவும் திட்டமும் நட்சத்திரத்தை வெல்லும். பருவம் முழுக்க, ஒருவன் காயப்பட்டால் அடுத்தவன், அவனுக்குப் பின்னும் ஒருவன் என்று ஆழமாக ஆள் வேண்டியிருக்கும்போது எண்ணிக்கை பேசும். 2018-இல் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக ஆட்டக்காரர்கள் எளிதில் கல்லூரி மாறுவதால், இன்று ஓர் அணியைப் பள்ளிச் சேர்க்கையை மட்டும் வைத்து எடைபோட முடியாது. மாறி வந்தவர்களின் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு பக்கத்தைப் படித்துப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு பையன். ஆஃபென்சிவ் டேக்கிள், அதாவது முன்வரிசை லைன்மேன். பதினொன்றாம் வகுப்பு. 6 அடி 5 அங்குலம், 245 பவுண்டு. மூன்று நட்சத்திரம், 247ஸ்போர்ட்ஸ் எண் 86. இடம் தர முன்வந்த கல்லூரிகள் 14. எப்படிப் படிப்பது?

1. எண்: 86 என்பது மூன்று நட்சத்திரத்தின் மேல் பாதி. இன்னும் நான்கு புள்ளி ஏறினால் நான்கு நட்சத்திரம்.

2. தேதி: இன்னும் ஓர் ஆண்டு பாக்கி. இது இறுதி எண் இல்லை.

3. இடம்: டேக்கிள். 245 பவுண்டு குறைவுதான், ஆனால் அந்த உயரத்தில் எடை ஏறும். தாமதமாக வளரும் வகை.

4. அளந்தது யார்? உயரம் முகாமில் அளந்ததா, பள்ளி சொன்னதா?

5. கல்லூரிகள்: எத்தனை என்பதைவிட யார் என்று பாருங்கள். லைன்மேன்களை வளர்ப்பதில் பெயர்பெற்ற அயோவாவோ விஸ்கான்சினோ அதில் இருந்தால் அது கனமான சாட்சி.

6. வேறுபாடு: ஒத்த அளவுள்ள நிறுவனங்களில் ஒன்று 91, இன்னொன்று 84 என்கிறதா? அப்படியானால் கூட்டு எண்ணைவிட அந்த இடைவெளியே முக்கியமான செய்தி. ஒருவர் எதையோ பார்த்திருக்கிறார்.

வீட்டில் ஒரு பிள்ளை ஆடினால்

அமெரிக்காவில் குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகளும் பள்ளி அணிகளில் சேர்கிறார்கள். பெற்றோருக்கு மூன்று செய்திகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நட்சத்திரம் கல்லூரிக் கதவைத் திறக்காது. முதல் பிரிவுக் கல்லூரியில் ஆட, உயர்நிலைப் பள்ளியில் குறிப்பிட்ட 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, அவற்றில் குறைந்தது 2.3 சராசரி வாங்கியிருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளி ஆலோசகரிடம் அந்தப் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வாய்மொழியாக வரும் அழைப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. கல்லூரியையும் இல்லை, உங்களையும் இல்லை. "இன்றே சரி என்று சொன்னால் இடம் உண்டா?" என்று பயிற்சியாளரை நேராகக் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் அது இன்னும் உண்மையான அழைப்பு ஆகவில்லை. கையெழுத்திடும் உதவித்தொகை ஒப்பந்தம்தான் உறுதி.

நட்சத்திரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். 2008-இல் நெவாடாவில் ஒரு பள்ளி மாணவன், ஊரே கூடிய உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு பெரிய கல்லூரிகளின் தொப்பிகளை முன்னால் வைத்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக அறிவித்தான். அந்த இரண்டு கல்லூரிகளும் அவனை அழைத்திருக்கவே இல்லை. பொய் சொன்னான் என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பிள்ளையின் தவிப்புதான் கண்ணில் நிற்கிறது. ஊரார் வாயில் அந்தச் சொல் வந்துவிட வேண்டும் என்ற ஆசை அவனை அவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது.

பிள்ளைக்கு இரண்டு நட்சத்திரம் கிடைத்திருந்தால், அல்லது ஒன்றுமே கிடைக்காமல் இருந்தால், ஒரு தாளில் அதை எழுதுங்கள். பக்கத்தில் அன்றைய தேதி, அவன் உயரம், எடை. ஆறு மாதம் கழித்து அடுத்த வரியை எழுதுங்கள். அந்தத் தாளில் உங்கள் பிள்ளை வளர்வது தெரியும். பயிற்சியாளரிடம் பேசப் போகும்போது அதைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.